வேலைக்கு ஆள் எடுக்கும் வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்களா? முதல் போன் போடும் முன் இதைப் படியுங்கள்

புதுச்சேரியில் ஒரு சின்ன கன்சல்டன்சியில் ரெக்ரூட்டராகச் சேர்ந்தபோது ஒரு நாளைக்கு எண்பது போன் போட வேண்டும் என்று சொன்னார்கள். போட்டேன். மூன்று மாதத்தில் என் மூலமாக வேலையில் சேர்ந்தவர்கள் நாலு பேர். அதில் ஒருவர் பத்தாம் நாளே நின்றுவிட்டார். மற்றபடி எனக்குக் கிடைத்தது “அப்புறம் பேசறேன் மேடம்”, பாதியில் துண்டித்த அழைப்புகள், பிளாக் செய்யப்பட்ட என் எண். ஆட்களுக்குத்தான் பொறுப்பில்லை என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்ட விதத்தில்தான் கோளாறு என்று புரிய ஒரு வருடம் ஆனது. உங்களுக்கு அந்த ஒரு வருடம் வீணாகக் கூடாது என்று இதை எழுதுகிறேன். கடலூர் சிப்காட், புதுச்சேரியின் சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம், திருபுவனை பக்கம் ஆலைகளுக்கு ஆள் எடுப்பவர்களை மனதில் வைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.

1. கம்பெனியிடம் முழு விவரம் வாங்காமல் போனைத் தொடாதீர்கள்

கம்பெனியிலிருந்து வரும் மெயிலில் பெரும்பாலும் இரண்டு வரிதான் இருக்கும்: “ஆப்பரேட்டர், 10 பேர், உடனே தேவை.” அதை வைத்துக்கொண்டு போன் போடுவதுதான் முதல் தவறு. ஆப்பரேட்டர் என்றால் யார்? சிஎன்சி ஆப்பரேட்டரா, ரியாக்டர் பார்க்கும் கெமிக்கல் ஆப்பரேட்டரா, கம்ப்யூட்டரில் டேட்டா என்ட்ரி செய்பவரா? ஒருமுறை பாய்லர் பார்க்க ஆள் கேட்டார்கள். பதினைந்து பேரிடம் பேசி முடித்த பிறகுதான் அந்த வேலைக்கு பாய்லர் அட்டெண்டென்ட் சான்றிதழ் வேண்டும், அதிலும் முதல் வகுப்பா இரண்டாம் வகுப்பா என்று பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. பதினைந்து பேருக்கும் திரும்பக் கூப்பிட்டு “இல்லைங்க” என்று சொன்னேன். அவர்களில் பாதிப் பேர் அதன்பிறகு என் அழைப்பை எடுக்கவே இல்லை.

கம்பெனி ஹெச்ஆரிடம் இவற்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: வேலை நடக்கும் சரியான இடம், ஷிஃப்ட் நேரம், கையில் வரும் சம்பளம், கம்பெனி பஸ் எந்த ஊர்வரை வருகிறது, கம்பெனி ரோலா (கம்பெனியின் நேரடி ஊழியரா) காண்ட்ராக்டா, இன்டர்வியூ எத்தனை ரவுண்டு, முடிவு எந்தத் தேதிக்குள் சொல்வார்கள்.

இடம் என்பதை அலட்சியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். “லொகேஷன் பாண்டிச்சேரி” என்று சொல்லிவிட்டுப் போகிற ரெக்ரூட்டர்கள் நிறையப் பேர். கேட்பவர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் என்று நினைத்துக்கொள்வார். ஆலையோ ஊருக்கு வடமேற்கே சேதராப்பட்டில் இருக்கும், இல்லையென்றால் விழுப்புரம் சாலையில் திருபுவனையில் இருக்கும். குறிஞ்சிப்பாடிக்காரர் ஒருவரை அப்படித்தான் நான் சேதராப்பட்டுக்கு அனுப்பினேன். அவர் கடலூர் வந்து, அங்கிருந்து புதுச்சேரி வந்து, மூன்றாவது பஸ் ஏறிப் போக வேண்டும். காலை 6 மணி ஷிஃப்டுக்கு அது நடக்கிற காரியமா? பத்தாம் நாள் நின்றவர் என்று மேலே சொன்னேனே, அவர்தான் இவர்.

2. சம்பளத்தை நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்

சிடிசியை, அதாவது ஓர் ஆளுக்காகக் கம்பெனி செலவழிக்கும் மொத்தத் தொகையை, சம்பளம் என்று சொல்லி ஆளைச் சேர்ப்பது இந்தத் தொழிலின் பெரிய பாவம் என்றே நினைக்கிறேன். முதல் மாதச் சம்பளம் வந்த அன்று அந்த வீட்டில் என்ன பேச்சு நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஒரு கணக்கு சொல்கிறேன். மாதச் சம்பளம் 18,000 ரூபாய், அதில் பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 12,000 என்று வையுங்கள். ஆளின் பங்காக பிஎஃப் 12 விழுக்காடு, அதாவது 1,440 ரூபாய் பிடிப்பார்கள். மாதச் சம்பளம் 21,000-க்குள் இருப்பதால் இஎஸ்ஐயும் உண்டு; 0.75 விழுக்காடு, 135 ரூபாய். கையில் வருவது 16,425. இதே வேலைக்குக் கம்பெனி தன் பங்கு பிஎஃப் 1,440, இஎஸ்ஐ 3.25 விழுக்காடு 585 இரண்டையும் சேர்த்து, சிடிசி 20,025 என்று காட்டும். நீங்கள் “இருபதாயிரம்” என்கிறீர்கள், அவர் கைக்கு வருவது பதினாறு சொச்சம். இதில் கேன்டீனுக்கும் பஸ்ஸுக்கும் பிடித்தம் இருந்தால் இன்னும் குறையும்.

ஆகவே மூன்று எண்ணையும் சொல்லுங்கள்: சிடிசி இவ்வளவு, பிடித்தம் இவ்வளவு, கையில் இவ்வளவு. ஓவர்டைம் சேர்த்துப் பெரிதாகக் காட்டாதீர்கள். ஓவர்டைம் எல்லா மாதமும் வராது. சம்பளத்தைச் சொல்லக் கூடாது என்று கம்பெனி சொன்னால், “இத்தனை முதல் இத்தனை வரை” என்றாவது சொல்ல அனுமதி வாங்குங்கள். “உங்க திறமையைப் பொறுத்து” என்ற பதிலைக் கேட்டுக் கேட்டு இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அலுத்துப்போய்விட்டது.

3. ரெஸ்யூமேவைக் கடைசி வரி வரை படியுங்கள்

நௌக்ரி என்ற வேலைவாய்ப்புத் தளத்தில் ஒரு சொல்லைப் போட்டுத் தேடினால் இருநூறு பேர் வருவார்கள். அந்த இருநூறு பேருக்கும் ஒரே மெயிலைத் தட்டிவிடுவது சுலபம். ஆனால் எட்டு வருடமாக மருந்து ஆலையில் ஹெச்பிஎல்சி (மருந்தைப் பகுத்துச் சோதிக்கும் கருவி) பார்க்கும் கெமிஸ்டுக்கு “ஃபிரெஷர்களுக்கு அரிய வாய்ப்பு” என்று மெயில் போனால் அவர் என்ன நினைப்பார்? அடுத்த முறை பொருத்தமான வேலையோடு நீங்கள் வந்தாலும் திறந்து பார்க்க மாட்டார்.

ஒரு ரெஸ்யூமேவுக்கு மூன்று நிமிடம் ஒதுக்குங்கள். கடைசியாகப் பார்த்த வேலை, எத்தனை வருடம், எந்த ஊர் என்ற மூன்றும் தெரியாமல் போன் போடாதீர்கள். “உங்களப் பத்திச் சொல்லுங்க” என்று ஆரம்பிப்பவர் ரெஸ்யூமேவைப் பார்க்கவில்லை என்பது எதிரே இருப்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

4. எப்போது கூப்பிடுவது

நான் அதிகம் அவமானப்பட்டது இதில்தான். கெமிக்கல், மருந்து ஆலைகள் பலவற்றில் செல்போனை உள்ளே விடமாட்டார்கள். கேட்டிலோ லாக்கரிலோ வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். ஷிஃப்டில் இருப்பவருக்குப் பகல் முழுக்க ஒன்பது முறை அடித்துவிட்டு, “போனே எடுக்கறதில்ல” என்று எழுதி வைத்திருக்கிறேன். வேலை முடிந்து வெளியே வந்து போனைப் பார்ப்பவருக்குத் தெரியாத எண்ணிலிருந்து ஒன்பது மிஸ்டு கால். வீட்டில் யாருக்கோ என்னவோ என்றுதான் பதறுவார்.

காலை 6 முதல் 2 ஷிஃப்ட் என்றால் மாலை 4 மணிக்கு மேல் கூப்பிடுங்கள். மதியம் 2 முதல் 10 என்றால் காலை 10-லிருந்து 12-க்குள். நைட் ஷிஃப்ட் பார்ப்பவரைக் காலையில் கூப்பிட்டால் தூக்கத்தைக் கெடுக்கிறீர்கள். மாலை 5 மணிக்குப் பேசுங்கள். எந்த ஷிஃப்ட் என்று தெரியாவிட்டால் முதலில் செய்தி அனுப்பிக் கேட்டுவிடுங்கள். ஒருமுறை அடித்து எடுக்காவிட்டால் செய்தி போதும். மறுநாள் வேறு நேரத்தில் இன்னொரு முறை. அதோடு விட்டுவிடுங்கள்.

சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ கூப்பிடுபவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நவம்பர் 1-ம் ஆகஸ்ட் 16-ம் புதுச்சேரியில் விடுமுறை, கடலூரில் கிடையாது. மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் பக்கத்து ஆளுக்கு இன்டர்வியூ வைத்தால் வரமாட்டார். தீபாவளி போனஸ் கைக்கு வருவதற்கு முன் யாரும் பேப்பர் போட மாட்டார்கள், அதாவது ராஜினாமா செய்ய மாட்டார்கள். அந்த மாதத்தில் “உடனே சேர முடியுமா” என்று கேட்டு உங்களையும் அவரையும் கஷ்டப்படுத்தாதீர்கள்.

மழைக்காலத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. அடுத்த சில நாளில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்து கடலூரின் தாழ்வான பகுதிகளில் தண்ணீர் புகுந்தது. அந்த வாரம் வெளியூர் கம்பெனி ஒன்றின் ஹெச்ஆர், இன்டர்வியூவுக்கு மூன்று பேர் வரவில்லை, காரணம் கேளுங்கள் என்றார். நான் அப்படியே கேட்டுவிட்டேன். “வீட்டுக்குள்ள முட்டி அளவு தண்ணி மேடம், சர்ட்டிபிகேட் எல்லாம் நனஞ்சு போச்சு” என்றது ஒரு பெண். நான் கேட்டிருக்க வேண்டியது “பத்திரமா இருக்கீங்களா” என்பதைத்தான். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

5. முதல் செய்தியை எப்படி எழுதுவது

வெறும் “ஹாய்” அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். “அர்ஜெண்ட்” என்று சிவப்பு எழுத்தில் போட்ட போஸ்டரை ஃபார்வர்டு செய்யாதீர்கள். கேட்காமல் வாட்ஸ்அப் குரூப்பில் சேர்க்காதீர்கள். ஒருவர் வேலை தேடுகிறார் என்பது அந்தக் குரூப்பில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். லிங்க் மட்டும் அனுப்பினால் மோசடி என்று நினைத்து அழித்துவிடுவார்கள், நினைப்பதிலும் தப்பில்லை.

நான் இப்போது அனுப்புவது இப்படி இருக்கும்:

“வணக்கம். நான் புதுச்சேரியில் இன்ன கன்சல்டன்சியிலிருந்து பேசுகிறேன். உங்கள் ரெஸ்யூமேவை நௌக்ரியில் பார்த்தேன். சேதராப்பட்டில் உள்ள ஒரு மருந்து ஆலையில் க்யூசி (தரப் பரிசோதனை) கெமிஸ்ட் வேலை. மூன்று ஷிஃப்ட் உண்டு. கையில் 22,000 முதல் 25,000 வரை. கம்பெனி பஸ் கடலூர் பஸ் ஸ்டாண்ட் வரை வருகிறது. எங்களுக்கு எந்தக் கட்டணமும் தர வேண்டாம். விருப்பம் இருந்தால் பேச வசதியான நேரம் சொல்லுங்கள். விருப்பம் இல்லையென்றால் ‘வேண்டாம்’ என்று அனுப்பினால் போதும், மறுபடி தொந்தரவு செய்ய மாட்டேன்.”

கட்டண வரியை விட்டுவிடாதீர்கள். சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கமெல்லாம் வெளிநாட்டு வேலைக்கென்று ஏஜெண்டிடம் பணம் கட்டி ஏமாந்தவர் இல்லாத தெரு குறைவு. அதனால் யார் வேலை என்று சொன்னாலும் முதல் சந்தேகம் “எவ்வளவு கட்டணும்?” என்பதுதான். நமக்குப் பணம் தருவது கம்பெனி. பெரும்பாலும் ஆண்டுச் சம்பளத்தில் 8.33 விழுக்காடு, அதாவது ஒரு மாதச் சம்பளம். சேர்ந்தவர் மூன்று மாதத்துக்குள் நின்றுவிட்டால் வேறு ஆள் கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பார்கள். ஏமாற்றிச் சேர்த்தால் நட்டம் நமக்கும்தான் என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். ரெஜிஸ்ட்ரேஷன், யூனிஃபார்ம், டிரெய்னிங் என்று எந்தப் பெயரிலும் வேலை தேடுபவரிடம் பணம் வாங்கச் சொல்லும் அலுவலகத்தில் நீங்கள் இருந்தால், நீங்களே முதலில் வேறு வேலை தேடுங்கள்.

6. முதல் போனில் நீங்கள் சொல்லிவிட்டுப் பிறகு கேளுங்கள்

“இப்ப பேசலாமா?” என்று கேளுங்கள். பக்கத்தில் சூப்பர்வைசர் நிற்கலாம். பேசலாம் என்றால், கம்பெனி, இடம், ஷிஃப்ட், கையில் வரும் சம்பளம் நான்கையும் நீங்கள் சொல்லுங்கள். அதற்குப் பிறகு அவரிடம் கேளுங்கள். பெயரைக்கூடச் சொல்லாமல் “கரண்ட் சிடிசி எவ்ளோ, எக்ஸ்பெக்டட் எவ்ளோ, நோட்டீஸ் எத்தனை நாள்” என்று போலீஸ் விசாரணை மாதிரி கேட்பதைத்தான் ஆட்கள் அதிகம் வெறுக்கிறார்கள். என்னிடமே பலர் சொல்லியிருக்கிறார்கள்.

மரியாதையில் கவனம் வையுங்கள். ஐடிஐ முடித்த இருபது வயதுப் பையனாக இருந்தாலும் “நீங்க” என்றே பேசுங்கள். ஐம்பது வயது ஃபிட்டரை “ப்ரோ” என்று கூப்பிடாதீர்கள். “சார்” போதும், அவர் “அண்ணான்னே சொல்லும்மா” என்றால் அண்ணா. பல நேரம் போனை எடுப்பது அம்மாவாகவோ மனைவியாகவோ இருக்கும். அவர்களிடம் சம்பளம், ராஜினாமா எதுவும் பேசாதீர்கள். பெயரைச் சொல்லி, எப்போது கூப்பிடலாம் என்று மட்டும் கேளுங்கள்.

பெண்களிடம் “கல்யாணம் ஆயிடுச்சா, குழந்தை எப்ப” என்று கேட்கவே கேட்காதீர்கள். அவர்கள் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு: நைட் ஷிஃப்ட் உண்டா, வண்டி வீட்டு வாசல்வரை வருமா மெயின் ரோட்டில் இறக்கிவிடுமா, ஹாஸ்டல் யார் பொறுப்பில் இருக்கிறது. கம்பெனியிடம் முன்பே கேட்டு வைத்திருந்தால் நீங்களே எடுத்துச் சொல்லலாம்.

7. ஒப்புதல் இல்லாமல் ரெஸ்யூமேவை அனுப்பாதீர்கள்

இதைப் பிழையாக அல்ல, குற்றமாகவே எண்ணுங்கள்.

நான் சேர்ந்த இரண்டாவது மாதம். எண்ணிக்கை காட்ட வேண்டும் என்று, பேசக்கூட இல்லாத ஒரு ஃபிட்டரின் ரெஸ்யூமேவைக் கடலூர் சிப்காட்டில் ஒரு கம்பெனிக்கு அனுப்பிவிட்டேன். அங்கே இருந்த மேனேஜரும் அந்த ஃபிட்டர் வேலை பார்த்த இடத்து மேனேஜரும் பழைய நண்பர்கள். சிப்காட் அவ்வளவு சின்ன உலகம். சாயங்காலமே “வேற இடம் பாக்கறியாமே” என்று அவரிடம் கேட்டுவிட்டார்கள். அந்த வருடம் அவருக்கு இன்கிரிமெண்ட் இல்லை. அவருக்கு என் எண் எப்படிக் கிடைத்ததோ, கூப்பிட்டார். திட்டவில்லை. “ஒரு வார்த்தை என்னக் கேட்டிருக்கலாமே மேடம், ரெண்டு பொண்ணு படிக்குது” என்று மட்டும் சொன்னார். மன்னிப்புக் கேட்டேன். மன்னிப்பால் இன்கிரிமெண்ட் திரும்பி வராது.

இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரே ஆளின் ரெஸ்யூமே இரண்டு கன்சல்டன்சி வழியாக ஒரே கம்பெனிக்குப் போனால், தகராறு வேண்டாம் என்று அந்த ஆளையே தள்ளிவிடுகிற கம்பெனிகள் இருக்கின்றன.

ஆகவே கம்பெனியின் பெயரைச் சொல்லி, “அனுப்பலாமா? ஏற்கெனவே வேற வழியா அனுப்பியிருக்கீங்களா?” என்று கேட்டு, “சரி” என்ற பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப் போதும். 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஒருவருடைய விவரத்தை எதற்காகப் பயன்படுத்துகிறோம் என்று சொல்லி ஒப்புதல் பெறுவதைத்தான் அடிப்படையாக வைத்திருக்கிறது.

8. எந்த ஆவணத்தை எப்போது கேட்பது

முதல் போனிலேயே ஆதார், பான், மூன்று மாத பே-ஸ்லிப் எல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வது பல இடங்களில் வழக்கம். நல்ல ஆட்கள் அந்த இடத்திலேயே விலகிவிடுவார்கள்.

பேசும்போது ரெஸ்யூமே மட்டும் போதும். இன்டர்வியூ நாளில் கேட்டில் காட்ட ஒரு அடையாள அட்டை. தேர்வான பிறகு பே-ஸ்லிப், படிப்புச் சான்றிதழ் நகல், முந்தைய கம்பெனியின் ரிலீவிங் லெட்டர் (வேலையிலிருந்து விடுவித்த கடிதம்). ஆஃபர் லெட்டர் கையில் கொடுத்த பிறகு ஆதார், பான், பேங்க் பாஸ்புக் முதல் பக்கம், யுஏஎன் (கம்பெனி மாறினாலும் மாறாத பிஎஃப் எண்), பழைய இஎஸ்ஐ எண். அடையாளத்துக்கு மட்டும் என்றால் கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க் செய்த ஆதார் போதும். ஒரிஜினல் சான்றிதழை வாங்கி வைக்காதீர்கள். கம்பெனி கேட்டாலும் சரிபார்த்துக் கையோடு திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். யுஏஎன் பாஸ்வேர்டு, ஓடிபி இரண்டும் உங்களுக்குத் தேவையே இல்லை.

பழைய யுஏஎன் இருப்பவருக்குப் புது எண் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு எண் ஆகிவிட்டால் பிஎஃப் பணத்தை மாற்ற அவர்தான் அலைய வேண்டும்.

9. நோட்டீஸ் பீரியடை மதியுங்கள்

“நாளைக்கே வந்து சேருங்க, பழைய கம்பெனிய நாங்க பாத்துக்கறோம்” என்று சொல்லாதீர்கள். யாரும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். சொல்லாமல் நின்றால் ரிலீவிங் லெட்டர் கிடைக்காது. பிஎஃப் கணக்கில் வெளியேறிய தேதியைப் பழைய கம்பெனி போடாமல் விட்டால், அவரே போர்ட்டலில் போட இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும்.

அங்கே எத்தனை வருடம் ஆகிறது என்றும் கேளுங்கள். ஐந்து வருடம் முடிய நாலைந்து மாதம்தான் பாக்கி என்றால் கிராச்சுட்டி (பணிக்கொடை) இருக்கிறது. பேசிக் 12,000 வாங்குபவருக்கு ஐந்து வருடத்துக்கு 34,615 ரூபாய் வரும். 12,000-ஐ 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, 5-ஆல் பெருக்குங்கள். மாதம் ஆயிரம் ரூபாய் கூடுதலுக்காக அதை விட்டுவிட்டு வா என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. இப்படிப்பட்டவரிடம் “முடிச்சிட்டு வாங்க, அப்ப பேசலாம்” என்று நான் சொல்லியிருக்கிறேன். மாதங்கள் கழித்து அவரே கூப்பிட்டார், கூடவே இன்னும் இரண்டு பேரை அனுப்பிவைத்தார்.

10. இன்டர்வியூவுக்கு வர ஆகும் செலவை நினைத்துப் பாருங்கள்

கடலூரிலிருந்து சென்னை போய்வர, போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம், பஸ் கட்டணம், சாப்பாடு, ஒரு நாள் சம்பளம். இத்தனையும் செலவழித்து வந்தவரிடம் ரிசப்ஷனில் “சார் மீட்டிங்ல இருக்கார், நாளைக்கு வாங்க” என்றால் அவர் எப்படி உங்களை நம்புவார்? முதல் ரவுண்டைப் போனிலோ வீடியோவிலோ முடிக்கச் சொல்லிக் கம்பெனியை வற்புறுத்துங்கள். நேரில்தான் என்றால் எல்லா ரவுண்டையும் ஒரே நாளில் வைக்கச் சொல்லுங்கள். முந்தைய நாள் மாலை இரு தரப்பிலும் உறுதி செய்துகொள்ளுங்கள். கேட்டில் யார் பெயரைச் சொல்ல வேண்டும், எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும் என்பதையும் அனுப்பிவிடுங்கள்.

11. முடிவு எதுவானாலும் சொல்லுங்கள்

போன் போட்டுப் போட்டு வரவழைத்துவிட்டு, இன்டர்வியூ முடிந்ததும் காணாமல் போவது நம் தொழிலில் சகஜமாகிவிட்டது. காத்திருப்பவர் வேறு வாய்ப்புக்குப் பதில் சொல்லாமல் உங்களுக்காக உட்கார்ந்திருப்பார்.

நான் வெள்ளிக்கிழமை மாலை 4 முதல் 6 வரை இதற்கென்றே வைத்திருக்கிறேன். அந்த வாரம் இன்டர்வியூ போன எல்லோருக்கும் பதில் போகும். தேர்வாகாதவருக்குச் செய்தி அனுப்பாமல் போனிலேயே சொல்கிறேன். கம்பெனி காரணம் சொல்லியிருந்தால் அதையும் சொல்கிறேன். முதல் சில வாரம் கூச்சமாக இருக்கும். ஆனால் யாரும் கோபப்பட்டதில்லை. “சொன்னீங்களே, அதுவே போதும்” என்றுதான் பெரும்பாலும் சொல்கிறார்கள்.

கம்பெனி இன்னும் எதுவுமே சொல்லவில்லை என்றால், அதையும் அப்படியே சொல்லுங்கள்: “இன்னும் பதில் வரலைங்க. அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி கூப்பிடறேன். அதுக்குள்ள வேற நல்ல வேலை வந்தா எனக்காகக் காத்திருக்க வேணாம்.” சொன்னபடி அந்த வெள்ளிக்கிழமை, கம்பெனி அப்போதும் வாய் திறக்காமல் இருந்தாலும், கூப்பிட்டுவிடுங்கள்.